டூலா ஆகலாமா?

கேள்வி: அக்கா, எனக்கு 34 வயது, ஊர் குலசேகரம். மூத்த பிள்ளையின் பேறுகாலத்தில் ராத்திரி முழுக்க வலியோடு தனியாகக் கிடந்து, கடைசியில் சிசேரியன். இரண்டாவதுக்கு என் அத்தை கூடவே நின்று முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார், சுகப்பிரசவம். அப்போதிருந்து டூலா, அதாவது பேறுகாலத்தில் கூடவே நின்று துணை தருகிற பெண், ஆகவேண்டும் என்று ஆசை. ஆன்லைன் வகுப்பில் சேர்ந்து சான்றிதழ் வாங்கலாமா? பிரசவ டூலாவா, பேறுக்குப் பிந்தைய டூலாவா? வீட்டுக்காரர், "நர்ஸுக்குப் படிக்காம எப்படி?" என்கிறார்.

பதில்: தங்கச்சி, உங்கள் அத்தை செய்தாரே, அதுதான் டூலா வேலை. நர்ஸ் படிப்பு வேண்டாம், ஆனால் நர்ஸ் செய்கிற எதையும் நீங்கள் தொடவும் கூடாது. பிரஷர் பார்ப்பது, உள்பரிசோதனை, குழந்தையின் இதயத்துடிப்பு கேட்பது எதுவுமே உங்கள் வேலை இல்லை. இப்படிக் கூடவே ஓர் ஆள் இருந்தால் சிசேரியன் குறைகிறது, வலிநேரமும் கொஞ்சம் குறைகிறது என்பதை 15,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வுத் தொகுப்பு அமைப்பு சொன்னது. நம் மாநிலத்தில் நூறு பிரசவத்தில் ஏறக்குறைய 45 சிசேரியன் என்று ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது, அதனால் தேவை இருக்கிறதா என்ற கேள்வியே வேண்டாம்.

சான்றிதழுக்கு வருவோம். டூலாவாக வேலை செய்ய நம் நாட்டில் லைசென்ஸ் கிடையாது. 1992-இல் அமெரிக்காவில் தொடங்கிய டோனா போன்ற அமைப்புகள் பயிலரங்கு, வாசிப்பு, சில பிரசவங்களில் துணைநின்ற அனுபவம், அந்தக் குடும்பங்களின் கருத்து எல்லாம் பார்த்துத்தான் சான்றிதழ் தருகின்றன, அதையும் அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். வகுப்பில் உட்கார்ந்தால் மட்டும் போதாது என்பதைக் கவனியுங்கள். குலசேகரத்தில் இருந்துகொண்டு அந்தப் பிரசவங்களுக்கு எங்கே போவீர்கள்? பணம் கட்டுவதற்கு முன்னால் இதைத்தான் யோசிக்க வேண்டும். அரசு மருத்துவமனையில் பிரசவ அறைக்குள் ஒரு பெண் துணைக்கு இடம் உண்டு. அந்த ஒரே இடத்தை அம்மாவோ மாமியாரோ உங்களுக்கு விட்டுத் தருவார்களா? தனியாரில் டாக்டருக்கு டாக்டர் வழக்கம் மாறும். அதனால் ஆசாரிப்பள்ளம், மார்த்தாண்டம், நாகர்கோவில் என்று ஐந்தாறு இடங்களுக்கு நேரில் போய், "டூலா வந்தால் உள்ளே விடுவீர்களா?" என்று கேளுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு போன் வந்தால் ஆசாரிப்பள்ளத்துக்கு பஸ் இருக்காது, சின்னவனை யார் பார்ப்பார்கள் என்பதையும் வீட்டுக்காரரோடு பேசுங்கள், அவருடைய கேள்வியைவிட இது பெரிய கேள்வி.

என்னைக் கேட்டால், பேறுக்குப் பிந்தைய வேலையில் தொடங்குங்கள். பகல் வேலை, நேரம் உங்கள் கையில். நம் மாவட்டத்தில் பிள்ளை பெற்றவளைக் குளிப்பாட்ட ஆள் வைப்பதும் லேகியம் கிண்டுவதும் இன்னும் இருக்கிறது, அதனால் வீட்டுக்கு வெளியிலிருந்து ஒருத்தி வந்து பார்ப்பது யாருக்கும் புதிதில்லை. ஆனால் குளிப்பாட்ட வரும் அந்த அம்மாவோடு போட்டிக்கு நிற்காதீர்கள், அவர் கையில் நாற்பது வருஷ அனுபவம் இருக்கும். சிசேரியன் தையல் ஆறாமல் வயிற்றில் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் அடிக்கும்போது மட்டும் தடுங்கள். பாட்டி குழந்தையின் நாக்கில் தேன் தொட்டு வைக்க வந்தால் சண்டை போடாமல் சீம்பாலைப் பற்றிப் பேசத் தெரிய வேண்டும் (இதற்குத் தனிச் சான்றிதழே கொடுக்கலாம்!). ஒரு மணி நேரத்தில் பேட் முழுக்க நனைகிற ரத்தப்போக்கு, காய்ச்சல், தலைவலியோடு கண் மங்கல், பால் குடிக்காத குழந்தை என்று எதைப் பார்த்தாலும் வைத்தியம் பார்க்க நிற்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும்.

சொந்தத்தில் யாருக்காவது பேறுகாலம் வருகிறதா? காசு வாங்காமல் ஒரு மாதம் கூட இருந்து பாருங்கள். தூக்கம் கெட்டு, யார் யாரோ அழுவதைக் கேட்டு வீட்டுக்குத் திரும்பிய பிறகும் ஆசை அப்படியே இருந்தால், அப்போது வகுப்புக்குப் பணம் கட்டுங்கள் மக்களே.