கேஷுவாலிட்டி கேள்விகள்: ஒரு மூத்த செவிலியரின் பதில்கள்

அவசர சிகிச்சைப் பிரிவில் நோயாளிகளையும் உறவினர்களையும் நடத்தும் விதம் பற்றி வந்த கேள்விகளுக்கு, அங்கேயே வேலை பார்த்தவள் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: சிஸ்டர், அப்பாவைக் கடும் வயிற்றுவலியோடு அழைத்துப் போனோம். எங்களுக்குப் பின்னால் வந்தவரை முதலில் உள்ளே கொண்டுபோனார்கள். எங்களை யாரும் கண்டுகொள்ளவே இல்லை. இது நியாயமா?

பதில்: அவரை முதலில் பார்த்தது நியாயம்தான். உங்களைக் கண்டுகொள்ளாமல் விட்டது நியாயமே இல்லை. யார் முதலில் வந்தார் என்று அங்கே வரிசை போடுவதில்லை. யார் உயிருக்கு ஆபத்து என்று பார்த்துத்தான் பிரிப்பார்கள். அதுதான் ட்ரயாஜ். பல நாடுகளில் புழங்கும் மான்செஸ்டர் முறையில் ஆபத்தின் அளவுக்கு ஏற்ப ஒரு நிறம் கொடுப்பார்கள்: சிவப்பு என்றால் உடனே, ஆரஞ்சு என்றால் 10 நிமிடத்துக்குள், மஞ்சள் 60, பச்சை 120, நீலம் 240 நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும். "உள்ளே ஒருவருக்கு மூச்சுத் திணறுகிறது, அவரை முதலில் பார்க்கிறோம். அப்பாவுக்கு வலி கூடினால் உடனே என்னைக் கூப்பிடுங்கள்" என்று ஒருவர் வந்து சொல்லியிருக்க வேண்டும். வேர்த்துக் கொட்டினாலோ வலி ஏறினாலோ மறுபடி பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், தயங்காதீர்கள். வலிக்கு மருந்தும் கேளுங்கள். வலியை அடக்கினால் நோய் பிடிபடாது என்பது பழைய நம்பிக்கை. வயிற்றுவலிக்குச் சீக்கிரமே மருந்து கொடுப்பதால் நோயைக் கண்டுபிடிப்பது தவறிப்போவதில்லை என்று ஆய்வுகள் காட்டிவிட்டன.

கேள்வி: அக்கா, நான் பணியில் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. கூட்டம் நெரியும்போது கனிவாக இருக்க நேரம் ஏது?

பதில்: தனியாக நேரம் ஒதுக்க வேண்டாம் தங்கச்சி, எப்படியும் செய்கிற வேலைக்குள்ளேயே அது அடங்கும். ஈசிஜி எடுக்கப் போகிறாயா? சட்டையை விலக்கும் முன் திரையை இழு. லீடுகளை, அதாவது உடம்பில் ஒட்டும் ஒயர்களை, ஒட்டியதும் போர்வையைக் கழுத்துவரை ஏற்றிவிடு. போர்வைக்குள் லீடு இருந்தாலும் ஈசிஜி நன்றாகவே வரும், நெஞ்சைத் திறந்து போட்டு வைக்க வேண்டியதில்லை. ஊசி குத்தும் முன் ஒரு வார்த்தை சொல். "மூணாம் பெட் வயிற்றுவலி" என்று நோயாளியின் காதுபடப் பேசாதே.

அப்புறம், உன் பெயரைச் சொல். பிரிட்டனில் கேட் கிரேஞ்சர் என்ற மருத்துவர் தானே புற்றுநோயாளியாகப் படுத்திருந்தபோது, பார்க்க வந்த பலர் தாங்கள் யாரென்றே சொல்லவில்லை என்பதைக் கவனித்தார். "ஹலோ, என் பெயர்…" என்ற இயக்கத்தை அவர் 2013-இல் தொடங்கியது அதனால்தான்.

கேள்வி: அம்மாவுக்கு சிபிஆர் (நின்ற இதயத்தை நெஞ்சை அழுத்தி இயக்கப் பார்ப்பது) செய்யும்போது எங்களை வெளியே அனுப்பிவிட்டார்கள். கூட இருந்திருக்கலாமே என்று இன்னும் மனசு ஆறவில்லை.

பதில்: உங்களைக் கூட இருக்க அனுமதித்திருக்கலாம் என்றுதான் நானும் நினைக்கிறேன். பிரான்சில் 570 உறவினர்களை வைத்துச் செய்த ஆய்வு 2013-இல் வெளிவந்தது. கூட இருக்கிறீர்களா என்று முறையாகக் கேட்கப்பட்டவர்களிடம் பின்னாளில் மன அதிர்ச்சியின் அறிகுறிகள் குறைவாக இருந்தன. சிகிச்சையும் அதனால் கெடவில்லை. ஆனால் நடப்பதை விளக்க உறவினர் பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும், சும்மா உள்ளே விட்டுவிடக் கூடாது. வெளியே நின்றது நீங்கள் எடுத்த முடிவு அல்ல, அந்தப் பாரத்தைச் சுமக்காதீர்கள். அன்று இருந்த டாக்டரைச் சந்தித்து என்ன நடந்தது என்று இப்போதும் கேட்கலாம்.

கேள்வி: நான் டூட்டி டாக்டர். மரணச் செய்தியை எப்படிச் சொல்வது?

பதில்: போனை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு, ஒரு செவிலியரோடு தனி அறைக்குப் போய் உட்காருங்கள் டாக்டர். வந்திருப்பவர் யார், நோயாளிக்கு என்ன உறவு என்று உறுதி செய்துகொள்ளுங்கள். "கெட்ட செய்தி சொல்ல வேண்டியிருக்கிறது" என்று தொடங்கி, "இறந்துவிட்டார்" என்றே சொல்லுங்கள். "எங்களால் முடிந்ததைச் செய்தோம்" என்று மட்டும் சொன்னால், "அப்போ ஐசியூவுக்கு மாற்றிவிட்டீர்களா?" என்று கேட்பார்கள். சொன்ன பிறகு பேச்சை நிறுத்துங்கள். அவர்கள் அழட்டும், கோபப்படட்டும்.

உடலைக் காட்டும் முன் முகத்து ரத்தத்தைத் துடைத்து, கையைப் போர்வைக்கு வெளியே எடுத்து வையுங்கள். பிடித்துக்கொள்ள அவர்களுக்கு ஒரு கை வேண்டும். சட்ட விசாரணைக்கு உட்பட்ட மரணம் என்றால் துடைக்கலாமா, மூச்சுக்காக வாயில் போட்ட குழாயை எடுக்கலாமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். குழாய் வாயிலேயே இருக்க வேண்டுமென்றால் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: குடித்துவிட்டு வருபவருக்கும் இதே மரியாதையா?

பதில்: ஆமாம், அதே மரியாதைதான். குடிவாடை அடிக்கிறது என்று ஓரமாகப் படுக்க வைத்தவருக்குத் தலைக்குள் ரத்தக்கசிவு இருக்கலாம், சர்க்கரை இறங்கியிருக்கலாம்.

கேள்வி: பாட்டி ராத்திரியில் குழம்பிப்போய் டிரிப்ஸைப் பிடுங்கினார். கையைக் கட்டிவிட்டார்கள்.

பதில்: வயதானவர்களுக்குத் திடீரென்று வரும் இந்தக் குழப்பத்துக்கு டெலிரியம் என்று பெயர். கட்டினால் பெரும்பாலும் திமிறல்தான் கூடும். கண்ணாடியையும் காது மெஷினையும் மாட்டிவிட்டார்களா, வலிக்கிறதா, சிறுநீர் அடைத்துக்கொண்டிருக்கிறதா, காய்ச்சல் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருந்தால் பலர் அடங்கிவிடுவார்கள். அதனால் "நான் கூட உட்கார்ந்துகொள்கிறேன், கட்டை அவிழ்த்துப் பாருங்கள்" என்று நீங்களே கேளுங்கள்.