நகரத்துக் கழிவுநீர் கலக்கும் ஓடைத் தண்ணீரில் நெல்லும் கீரையும் செய்யலாமா?

கேள்வி: வவுனியா நகருக்குக் கீழ்ப்பக்கம் மூன்று ஏக்கர் வயல் செய்கிறேன். சிறுபோகத்துக்கு நகரத்து வடிகால்கள் விழும் ஓடைதான் தண்ணீர். பயிர் கரும்பச்சையாக உயர்ந்து வளர்கிறது, கதிர் வந்ததும் சாய்ந்துவிடுகிறது, சப்பியும் கூட. யூரியா வழமைபோலத்தான் போடுகிறேன். மாடுகளும் அதே தண்ணீரைக் குடிக்கின்றன. வரம்போரம் வல்லாரை, பொன்னாங்காணி நடவும் யோசனை. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள். உண்மையா?

பதில்: ஐயா, நீங்கள் சொல்லும் அடையாளங்கள் எல்லாம் நைதரசன் கூடிப்போன பயிரின் அடையாளங்கள். யூரியாவை வழமைபோலப் போடுவதுதான் இங்கே பிரச்சினை, ஏனென்றால் தண்ணீரோடும் பசளை வருகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓடைத் தண்ணீரில் லீற்றருக்கு 10 மில்லிகிராம் நைதரசன் இருக்கிறது, போகம் முழுக்க 500 மில்லிமீற்றர் உயரத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறீர்கள் என்று வையுங்கள். ஏக்கருக்கு ஏறத்தாழ 20 கிலோ நைதரசன் வந்து சேரும். அது 44 கிலோ யூரியாவுக்குச் சமம், ஓர் அந்தருக்கு, அதாவது ஏறத்தாழ 50 கிலோவுக்கு, கொஞ்சம்தான் குறைவு. கலப்பில்லாத கழிவுநீரில் இதைப்போல மூன்று நான்கு மடங்கு இருக்கும்.

பிந்திய பருவத்திலும் தண்ணீர் பாயப் பாய நைதரசன் வந்துகொண்டே இருப்பதால் தண்டு மெலிந்து நீள்கிறது, முற்றுவது பிந்துகிறது. எரிபந்த நோயும் அறக்கொட்டிப் பூச்சியும் தேடி வருவது இப்படிப்பட்ட வயலைத்தான். இந்த முறை மேற்கட்டுப் பசளையைக் கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள். விவசாயப் போதனாசிரியரிடம் இலை நிற அட்டை கேட்டு வாங்கி, இலை வெளிறினால் மட்டும் யூரியா கொடுங்கள். கதிர் உள்ளே திரளும் குடலைப் பருவத்துக்குப் பிறகு வேண்டவே வேண்டாம். பொட்டாசியத்தைக் குறைக்காதீர்கள், தண்டுக்குப் பலம் அதுதான். உயரம் குறைந்த, சாயாத இனமாகவும் பாருங்கள்.

வல்லாரையும் பொன்னாங்காணியும் அந்தத் தண்ணீரில் கூடவே கூடாது. சம்பலுக்குப் பச்சையாக அரியும் இலை அது. நெல்லைக் காயவைத்து, குற்றி, அவித்துத் தின்கிறோம், கீரைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. பச்சையாகத் தின்னும் பயிருக்கு 100 மில்லிலீற்றர் தண்ணீரில் மலக் கோலிபோம் (மலத்தோடு வரும் பற்றீரியா) 1000க்கு மேல் போகக் கூடாது, லீற்றருக்கு ஒரு புழு முட்டைக்கு மேல் இருக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1989 இல் வரையறுத்தது. நகர வடிகால் தண்ணீர் அதற்குக் கிட்டவும் வராது. கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் பக்கம் கீரையை வையுங்கள்.

மாடுகளுக்கும் கிணற்றுத் தண்ணீரைத் தொட்டியில் வார்த்துக் கொடுங்கள், கன்றுகளுக்குக் கட்டாயம். மனித மலத்தில் வரும் நாடாப்புழு முட்டை மாட்டின் தசையில் கட்டியாகத் தங்கி, சரியாக வேகாத இறைச்சி வழியே திரும்ப மனிதருக்கே வரும்.

இனி சுத்திகரிப்பு நிலையம். வரவேண்டும், அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஓடைத் தண்ணீர் கறுத்து நாறுவது, அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர்கள் தண்ணீரில் உள்ள ஒட்சிசனை முடித்துவிடுவதால். விடியற்காலையில் மீன் மேலே வந்து வாய் பிளப்பதைக் கண்டிருப்பீர்கள். அதே நுண்ணுயிர்களைத் தொட்டிக்குள் காற்றூட்டி வளர்த்து, அழுக்கை அங்கேயே தின்ன வைப்பதுதான் நிலையத்தின் முக்கிய வேலை. ஒழுங்காக நடந்தால் ஒட்சிசனைக் குடிக்கும் அழுக்கில் 85 வீதத்துக்கு மேல் போய்விடும். ஆனால் நைதரசனும் பொசுபரசும் அவ்வளவாகப் போகாது, அவற்றை எடுக்கத் தனி ஏற்பாடு வேண்டும். தண்ணீர் தெளிவாக வரும், பசளையும் கூடவே வரும். புழு முட்டைகளும் குளோரினுக்குச் சாகாது; அடைய விட்டோ வடித்தோதான் அவற்றை அகற்றலாம்.

வன்னிக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. உள்நாட்டு நீர்நிலையில் விடும் கழிவுநீரின் உயிரிரசாயன ஒட்சிசன் தேவை, அதாவது அழுக்கு குடிக்கும் ஒட்சிசனின் அளவு, லீற்றருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று 2008 இன் தேசிய சுற்றாடல் ஒழுங்குவிதிகள் வரையறுத்தன. இந்த 30, கழிவுநீரைப்போல எட்டு மடங்கு நல்ல தண்ணீர் கலக்கும் என்ற கணக்கில் வந்தது. அந்தக் கணக்கில், நான்கு மடங்குதான் கலந்தால் எல்லை 15 ஆக இறங்கும். மார்கழியில் எட்டு மடங்கு கலக்கலாம். ஆவணியில்? கனகராயன் ஆறே மணலும் மடுவுமாகக் கிடக்கிற காலம் அது. உங்கள் ஓடையில் அப்போது ஓடுவது நகரம் விடும் தண்ணீர்தான். அதனால் நிலையம் பற்றிய கூட்டம் வைத்தால் கமக்கார அமைப்பு மூலம் போய், கோடையில் எவ்வளவு கலக்கும், நைதரசனை என்ன செய்வார்கள் என்று இரண்டையும் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

அதற்கு முன் இப்போதைய தண்ணீரைச் சோதித்து வையுங்கள், பிறகு ஒப்பிட உதவும். வயலுக்குத் தண்ணீர் திரும்பும் வாயிலில், ஓடும் தண்ணீரில் மாதிரி எடுங்கள். கோலிபோம் பார்க்க ஆய்வுகூடம் தரும் கிருமி நீக்கிய போத்தல்தான் வேண்டும், அதைக் கழுவக் கூடாது. ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். நைதரசன் அளவு கையில் கிடைத்ததும் மேலே போட்ட கணக்கில் 10 இருக்கும் இடத்தில் அதை வைத்து, ஏக்கருக்கு யூரியாவை எவ்வளவு குறைக்கலாம் என்று போதனாசிரியரோடு பேசுங்கள்.