டான்யூப் கரைக் கோட்டைகள்: கேளுங்கள், சொல்கிறேன்

டான்யூப் ஓரமாக இரண்டு முறை போய் வந்திருக்கிறேன். முதல் முறை கப்பலில், அடுத்த முறை பஸ்ஸிலும் வாடகைக் காரிலும். கோட்டைகளைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் இதோ.

பத்து நாள்தான் லீவு. ஆறோ பத்து நாடுகள் வழியாக ஓடுகிறதாம். எங்கே தொடங்கலாம்?

ஜெர்மனியின் கருங்காட்டில் பிறந்து கருங்கடலில் விழும்வரை சுமார் 2,850 கிலோமீட்டர். முழுவதையும் பார்க்கும் ஆசையை விட்டுவிடுங்கள். வியன்னா, புடாபெஸ்ட் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அழகான ஊர்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் கோட்டைக்காகப் போகிறீர்கள் என்றால் செர்பியத் தலைநகர் பெல்கிரேடில் இறங்குங்கள். ஹங்கேரியர்களும் துருக்கியர்களும் மாறி மாறி மோதிக்கொண்ட கரை அது. அங்கிருந்து ஆற்றோடு கிழக்கே போனால் ஸ்மெதரெவோ, கொலுபாட்ஸ், அப்புறம் ‘இரும்புக் கதவு’ என்கிற மலையிடுக்கு. ஐந்து நாள் போதும். மீதியை வேறு எங்கே வேண்டுமானாலும் செலவழியுங்கள்.

பெல்கிரேட் கோட்டைக்குக் கட்டணம் உண்டா?

கோட்டை இருக்கும் கலெமெக்தான் வளாகத்துக்குள் போகக் காசு இல்லை. உள்ளே இருக்கும் அருங்காட்சியகங்களுக்குத்தான் டிக்கெட். மாலையில் போங்கள். சாவா ஆறு டான்யூபில் கலக்கும் இடம் மதில்மேலிருந்து அப்படியே தெரியும். ஊர்க்காரர்கள் பாதிப்பேர் அங்கேதான் உட்கார்ந்திருப்பார்கள்.

ஸ்மெதரெவோவில் இடிந்த மதில்தான் இருக்கிறது என்கிறார்களே. போவது வீண் இல்லையா அண்ணா?

என்னிடம் ஒரே ஒரு கோட்டையைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இதைத்தான் சொல்வேன் தம்பி. 1427-இல் பெல்கிரேட் ஹங்கேரியிடம் திரும்பிப் போனது. தலைநகரமே இல்லாமல் நின்ற செர்பிய ஆட்சியாளர் ஜூராஜ் பிராங்கோவிச் 1428-இல் அவசர அவசரமாகக் கட்டத் தொடங்கியது இது. மலை கிடையாது, பாறை கிடையாது. சமவெளியில், யெசாவா ஆறு டான்யூபில் சேரும் மூலையில், முக்கோண வடிவில் எழுப்பினார்கள். இரண்டு பக்கம் ஆறு, மூன்றாவது பக்கம் அகழி. மொத்தம் 25 கோபுரங்கள்.

ஒரு கோபுரத்தில் செங்கல்லையே எழுத்தாக அடுக்கி, கட்டியவர் பெயரையும் ஆண்டையும் பதித்திருக்கிறார்கள். ஆண்டு 6938 என்று இருக்கும், திகைக்க வேண்டாம். உலகம் படைக்கப்பட்டதிலிருந்து எண்ணும் பைசாந்தியக் கணக்கு அது. நம் கணக்கில் 1430.

வேலை வாங்கிய கொடுமைக்கு மக்கள் அரசரைத் திட்டவில்லை, அரசியைத் திட்டினார்கள். கிரேக்க வம்சத்திலிருந்து வந்த அந்த ஐரீன், நாட்டுப்பாடல்களில் ‘சபிக்கப்பட்ட யெரீனா’ ஆகிவிட்டாள். வெளியூரிலிருந்து வந்த மருமகள்மேல் பழியைப் போடுவது எல்லா ஊரிலும் சுலபம்தானே. இவ்வளவு பாடுபட்டும் 1459-இல் கோட்டை துருக்கியர் கைக்குப் போனது, செர்பிய அரசும் அதோடு முடிந்தது. நீங்கள் பார்க்கும் இடிபாட்டில் பெரும்பகுதி அந்தக் காலத்துப் போரால் வந்ததல்ல. 1941 ஜூன் 5 அன்று, ஜெர்மானியர் உள்ளே குவித்து வைத்திருந்த வெடிமருந்து வெடித்தது. ஊரில் பெருந்தொகையானோர் செத்துப்போனார்கள்.

கொலுபாட்ஸுக்கு அம்மாவைக் கூட்டிப் போகலாமா? முட்டி வலி உண்டு.

தாராளமாக. கீழ்ப்பகுதி சிரமமில்லாத நடைதான், படமும் அங்கிருந்துதான் நன்றாக வரும். மேல் கோபுரங்களுக்குப் பாறையைப் பிடித்து ஏற வேண்டும், அங்கே நீங்கள் மட்டும் போய் வாருங்கள். நல்ல ஷூ கட்டாயம். முன்பெல்லாம் நெடுஞ்சாலையே கோட்டை வாசல் வழியாகப் போனது, லாரிகள் உரசிக்கொண்டு போகும். இப்போது சுரங்கப்பாதை போட்டு, கோட்டையைச் சீரமைத்து 2019-இல் திறந்துவிட்டார்கள். 1428 முற்றுகையில் இங்கே உயிர்விட்ட போலந்து வீரர் ஜாவிஷா சார்னிக்கு ஒரு கல்வெட்டு உண்டு. துருக்கியர் கையிலிருந்த கோட்டையை முற்றுகையிட்ட ஹங்கேரி மன்னருக்காக வந்தவர் அவர். தப்பிக்க மன்னர் படகு அனுப்பியும் ஏற மறுத்தாராம்.

ஆஸ்திரியாவின் டுர்ன்ஸ்டைனில் இங்கிலாந்து அரசர் ரிச்சர்டைச் சிறை வைத்தது உண்மையா, கதையா?

சிறை உண்மை. சிலுவைப்போரிலிருந்து திரும்பும் வழியில் 1192 டிசம்பரில் பிடிபட்டார், டியூக் ஐந்தாம் லியோபோல்ட் அங்கே அடைத்து வைத்தார். பாடகன் ஒருவன் கோட்டை கோட்டையாகப் பாடிக்கொண்டே போய் அவரைக் கண்டுபிடித்தான் என்பது கதை. இப்போது இருப்பது இடிபாடுதான், 1645-இல் ஸ்வீடன் படை தகர்த்தது. ஆனாலும் ஏறிப் பாருங்கள், கீழே திராட்சைத் தோட்டங்களும் ஆற்றின் வளைவும் கண்ணை விட்டுப் போகாது.

செர்பியாவின் பெத்ரோவரதின் கோட்டைக் கடிகாரம் நேரம் தப்பாகக் காட்டியது. பழுதா?

இல்லை, நீங்கள் மாற்றிப் படித்திருக்கிறீர்கள்! அதில் பெரிய முள் மணி, சின்ன முள் நிமிடம். ஆற்றில் தூரத்தில் வரும் படகுக்காரர்களுக்கு மணி தெரிந்தால் போதும் என்று அப்படி வைத்தார்களாம். நானும் அதை நம்பி பஸ்ஸை விட்டவன்தான்.

‘இரும்புக் கதவு’ பகுதியில் ஒரு தீவே மூழ்கிவிட்டது என்று கேள்விப்பட்டேன்.

அடா காலே. துருக்கியர்கள் வாழ்ந்த சின்னத் தீவு, கோட்டை, மசூதி, கடைத்தெரு எல்லாம் இருந்தது. 1878 பெர்லின் மாநாட்டில் பேரரசுகள் எல்லைகளைப் பங்கு போட்டபோது இந்தத் தீவைக் குறிப்பிடவே மறந்துவிட்டார்கள். யூகோஸ்லாவியாவும் ருமேனியாவும் சேர்ந்து 1972-இல் முடித்த அணை வேலைக்காகத் தீவைக் காலி செய்தார்கள், ஆறு மேலேறி மூடிவிட்டது. மசூதியின் பெரிய கம்பளம் மட்டும் ருமேனியாவின் கான்ஸ்டன்சா நகரத்து மசூதிக்குப் போய்ச் சேர்ந்தது.

அதே அணைக்காக ரோமப் பேரரசர் டிராஜனின் கல்வெட்டைப் பாறையோடு அறுத்து மேலே தூக்கி வைத்தார்கள். செர்பியக் கரையில்தான் இருக்கிறது, ஆனால் அந்தக் கரைச் சாலையிலிருந்து பார்க்க முடியாது. படகு எடுங்கள். எதிர்க்கரையில் தாடியோடு தெரியும், டிராஜனோடு போரிட்ட டேசிய மன்னர் டெசெபாலஸின் முகத்தைப் பழங்காலச் சிலை என்று நினைத்துவிடாதீர்கள், 2004-இல்தான் முடித்தார்கள்.

விசா எப்படி?

ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டான ஷெங்கனில் செர்பியா இல்லை. இந்தியப் பாஸ்போர்ட்டில் செல்லுபடியாகும் ஷெங்கன் விசா இருந்தால் செர்பியாவுக்குள் விடுகிறார்கள், கிளம்பும் முன் விதியை ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஆஸ்திரியாவிலிருந்து செர்பியா போய்த் திரும்பவும் ருமேனியாவுக்குள் நுழைவதாக இருந்தால் பலமுறை நுழையும் விசாவாகக் கேட்டு வாங்குங்கள். ஒருமுறை நுழையும் விசாவோடு வந்த ஒரு தம்பதி ருமேனிய எல்லையிலிருந்து பெல்கிரேடுக்கே திரும்பியதை நேரில் பார்த்தேன்.