ஆயிரம் வெள்ளி அனுப்பினால் ஊரில் எத்தனை ரூபாய் சேர்கிறது?

கேள்வி: சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டராக வேலை பார்க்கிறேன். ஊர் புதுக்கோட்டைப் பக்கம். மாதம் 1,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வீட்டுக்கு அனுப்ப முடியும். இதுவரை ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்காவில் உள்ள பணம் அனுப்பும் கடையில்தான் அனுப்பி வந்தேன். இப்போது அறை நண்பர், 'கட்டணமே இல்லை' என்று ஒரு செயலியைக் காட்டுகிறார். இன்னொருவர் உண்டியலில், அதாவது உரிமம் இல்லாத ஆட்கள் வழியாக, அனுப்பினால் ரேட் அதிகம் என்கிறார். ரேட் ஏறட்டும் என்று கடந்த இரண்டு மாதப் பணம் 2,000 வெள்ளியை இங்கேயே வைத்திருக்கிறேன். அப்பாவுக்கு வங்கிக் கணக்கு இல்லாததால் சித்தப்பா மகன் கணக்குக்குத்தான் அனுப்புவேன். இங்கு வருவதற்கு ஏஜெண்டுக்குக் கட்டிய 3 லட்சம் ரூபாய், நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டிக்கு வாங்கியது, அப்படியே நிற்கிறது. எதில் அனுப்பினால் செலவு குறையும்?

பதில்: முதலில் அந்தச் செயலியை எடுத்துக்கொள்வோம். கட்டணம் வாங்காத நிறுவனம் மாற்று விகிதத்தில் தன் லாபத்தை எடுத்துக்கொள்கிறது. சந்தையில் ஒரு வெள்ளி 65 ரூபாய்க்குப் போகும் நாளில் உங்களுக்கு 63.70 என்று கணக்கிட்டால், 1,000 வெள்ளிக்கு 63,700 ரூபாய் சேரும். 1,300 ரூபாய் போய்விட்டது. ரசீதில் கட்டணம் என்ற இடத்தில் பூஜ்யம் இருக்கும். அதே நாளில் ஒரு கடை 5 வெள்ளி கட்டணம் வாங்கிக்கொண்டு 64.60 ரேட் கொடுத்தால், மீதமுள்ள 995 வெள்ளிக்கு 64,277 ரூபாய் சேர்கிறது. கட்டணம் வாங்கிய கடையில்தான் உங்களுக்கு 577 ரூபாய் கூடுதல். ஒரு வருடத்துக்கு ஏறக்குறைய 7,000 ரூபாய். (இந்த ரேட்டுகள் கணக்குப் புரிவதற்காக நான் வைத்துக்கொண்டவை. அன்றைய ரேட்டை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.)

ஆகவே இரண்டு மூன்று இடங்களில் ஒரே நேரத்தில் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: 'என் கையிலிருந்து மொத்தம் 1,000 வெள்ளி போனால், ஊரில் எத்தனை ரூபாய் விழும்?' செயலியில் தொகையைப் போட்டதும், பணம் செலுத்துவதற்கு முன்பே, பெறுபவருக்குச் சேரும் ரூபாயைக் காட்டுவார்கள். அந்த ஒரு எண்ணை மட்டும் ஒப்பிட்டால் போதும். புதிய வாடிக்கையாளருக்கு முதல் முறை மட்டும் நல்ல ரேட் கொடுக்கும் வழக்கம் பல நிறுவனங்களில் உண்டு. அதனால் இரண்டாம் முறையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

வங்கிக் கிளைக்குப் போய் டெலிகிராபிக் டிரான்ஸ்ஃபர் (TT) எனப்படும் தந்தி மாற்று முறையில் அனுப்புவது உங்கள் தொகைக்குப் பொதுவாகக் கட்டுப்படியாகாது. அந்த வழியில் ஸ்விஃப்ட் அமைப்பின் மூலம் போவது செய்தி மட்டும்தான். பணம், வங்கிகள் ஒன்றுக்கொன்று வைத்திருக்கும் கணக்குகள் வழியாக நகர்கிறது. இடையில் இன்னொரு வங்கி நின்றால் அதுவும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். இங்கே கட்டணம், நடுவில் ஒரு கழிவு, ஊரில் வெள்ளியை ரூபாயாக மாற்றும் வங்கியின் ரேட், அந்த மாற்றத்துக்கு ஜிஎஸ்டி என்று நான்கு இடத்தில் தேய்கிறது. இதில் ஜிஎஸ்டி சிறியது: ஒரு லட்சம் ரூபாய் வரை மாற்றும் தொகையில் 0.18 சதவீதம், குறைந்தது 45 ரூபாய். மற்ற மூன்றும்தான் கடிக்கும்.

பணம் அனுப்பும் நிறுவனங்கள் மலிவாகச் செய்வதற்குக் காரணம் வேறு. அவை இந்திய வங்கியில் முன்கூட்டியே ரூபாய் இருப்பு வைத்திருக்கும். நீங்கள் இங்கே வெள்ளியைக் கொடுத்ததும் அங்கே உள்ளூர்ப் பணமாற்றம் போல உங்கள் வீட்டுக் கணக்கில் வரவு வைத்துவிடும். சிங்கப்பூரின் சில வங்கிகளும் தங்கள் செயலி வழியாக இதே போன்ற சேவையைக் கட்டணமின்றித் தருகின்றன. ஆனால் அங்கேயும் ரேட்டைப் பார்த்தே முடிவு செய்யுங்கள். 2023 பிப்ரவரி 21 முதல் சிங்கப்பூரின் உடனடிப் பணமாற்ற அமைப்பான பேநவ், நம் யுபிஐ-யுடன் இணைக்கப்பட்டிருக்கிறது. இணைப்பில் உள்ள வங்கிகளில் கணக்கு இருந்தால் நாளொன்றுக்கு 1,000 வெள்ளி வரை, பெறுபவரின் யுபிஐ முகவரிக்கே உடனடியாக அனுப்பலாம். உங்கள் தொகை அந்த வரம்புக்குள் அடங்குகிறது.

200 டாலர் அனுப்புவதற்கு உலகம் முழுவதும் சராசரியாக ஆகும் செலவு 6 சதவீதத்துக்கு மேல் என்கிறது உலக வங்கி. 2030-க்குள் அதை 3 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்பது ஐ.நா. வகுத்த இலக்கு. சிங்கப்பூரிலிருந்து இந்தியாவுக்கு அனுப்புகிறவர், ஒப்பிட்டுப் பார்த்தால், இன்றே அந்த இலக்குக்குள் முடிக்கலாம். போட்டி அவ்வளவு இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைதான் உங்களுக்கு விடுமுறை என்பது புரிகிறது. ஆனால் அன்று அந்நியச் செலாவணிச் சந்தை மூடியிருக்கும். திங்கள் காலை ரேட் எப்படித் திறக்குமோ என்று நிறுவனங்கள் தங்களுக்கு ஒரு காப்பு வைத்துக்கொண்டுதான் ஞாயிறு ரேட்டைப் போடும். தேக்காவில் கூட்டம் நிரம்பி வழியும் நாளிலேயே தொழிலாளிக்கு ரேட் இறுக்கமாக இருப்பது எனக்கு வருத்தமான விஷயம். செயலி கைவசம் இருந்தால் செவ்வாயோ புதனோ, வேலை முடிந்து விடுதிக்கு வந்ததும் அனுப்பிவிடலாம். ஞாயிறு ரேட்டையும் வார நாள் ரேட்டையும் இரண்டு வாரம் குறித்து வைத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரிந்துவிடும்.

இனி, நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் அந்த 3 லட்சம். அனுப்பும் செலவைவிட உங்களை அதிகம் வாட்டுவது அதுதான். நூற்றுக்கு இரண்டு ரூபாய் என்றால் மாதம் 6,000 ரூபாய் வட்டி, வருடத்துக்கு 72,000. நல்ல செயலியைத் தேடிப் பிடித்து நீங்கள் மாதம் மிச்சம் பிடிப்பது சுமார் 600 ரூபாய். வட்டி அதைப் போலப் பத்து மடங்கு.

நீங்கள் பிடித்து வைத்திருக்கும் 2,000 வெள்ளி, 65 ரூபாய் ரேட்டில் 1,30,000 ரூபாய். அந்தத் தொகைக்கு ஊரில் மாதம் 2,600 ரூபாய் வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. அதாவது ஒரு மாதம் காத்திருப்பது நட்டமில்லாமல் போகவே ரேட் 65-லிருந்து 66.30-க்கு ஏற வேண்டும். இரண்டு மாதம் என்றால் 67.60. ஏறலாம், இறங்கவும் செய்யலாம். வட்டி மட்டும் ஏறிக்கொண்டேதான் இருக்கும். அந்த 2,000 வெள்ளியை இந்த வாரமே அனுப்பி, அசலில் கட்டச் சொல்லுங்கள். கட்டும்போது வட்டிக்காரர் 'வட்டிக் கணக்கில் வரவு' என்று எழுதிக்கொள்ளாமல் அசலில் கழித்ததைக் காகிதத்தில் எழுதி வாங்க வேண்டும். இதை அப்பாவிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

வீட்டில் நகை இருந்தால் இன்னொன்றும் செய்யலாம். கூட்டுறவுச் சங்கத்திலும் அரசுடைமை வங்கியிலும் நகைக்கடன் வட்டி பொதுவாக வருடத்துக்கு 12 சதவீதத்துக்குள் இருக்கும். நீங்கள் கட்டுவது 24 சதவீதம். அம்மாவுக்குச் சம்மதம் என்றால், நகையை அங்கே வைத்து இந்தக் கடனை அடைத்துவிட்டு, அந்த நகைக்கடனை மாதாமாதம் குறைத்துக்கொண்டு வாருங்கள். வட்டி பாதியாகிவிடும். நகையை மீட்கும் தேதி மட்டும் உங்களுக்கு மறக்கக் கூடாது. தவணை தாண்டினால் ஏலத்துக்குப் போகும்.

உண்டியல் வேண்டாம். சிங்கப்பூரில் உரிமம் இல்லாமல் பணம் அனுப்பும் தொழில் நடத்துவது குற்றம். இந்தியாவில் அந்த வழியில் பணம் வாங்குவது அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தை மீறுவது. அதைவிட உடனடி ஆபத்து ஒன்று இருக்கிறது. உங்கள் வெள்ளி இங்கேயே நின்றுவிடும். ஊரில் உங்கள் வீட்டுக் கணக்கில் விழுவது யாரோ ஒருவருடைய பணம். அது இணைய மோசடியில் பறித்த பணமாக இருந்தால், காவல் துறை அது போய்ச் சேர்ந்த கணக்குகளை எல்லாம் முடக்கும். சீனாவுக்கு அனுப்பிய தொழிலாளர்களுக்கு இதுதான் நடந்தது. உரிமம் பெற்ற நிறுவனங்களிடம்தான் கொடுத்தார்கள், ஆனால் அந்த நிறுவனங்கள் வங்கி அல்லாத இடைத்தரகர் வழியாக அனுப்பியதால் பலருடைய பணம் அங்கே முடங்கியது. அதனால் சிங்கப்பூர் நாணய ஆணையம் 2024 ஜனவரி முதல் அந்த வழியையே நிறுத்தி வைத்தது. உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியல் ஆணையத்தின் இணையதளத்தில் இருக்கிறது. அறை நண்பர் காட்டிய செயலியின் பெயரை, அதில் பணம் போடுவதற்கு முன், அங்கே தேடிப் பாருங்கள்.

சித்தப்பா மகன் நல்லவராகவே இருக்கட்டும், அவர் கணக்கை விட்டுவிடுங்கள். மகன் அப்பாவுக்கு அனுப்பும் பணத்துக்கு அப்பா வருமான வரி கட்ட வேண்டியதில்லை, எவ்வளவு பெரிய தொகையானாலும். சித்தப்பா மகன் வருமான வரிச் சட்டம் சொல்லும் உறவினர் பட்டியலில் இல்லை. பட்டியலில் இல்லாத ஒருவரிடமிருந்து வருடத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் அன்பளிப்பாக வந்தால் முழுத் தொகையும் வருமானமாகக் கணக்கிடப்படும். வருடம் ஏழெட்டு லட்சம் அவர் கணக்கில் விழுகிறது. நாளை நோட்டீஸ் வந்தால், அது உங்கள் வீட்டுப் பணம் என்று நிரூபிக்க வேண்டிய சுமை அவர் தலையில். உறவும் கெடும். அப்பாவின் ஆதார் அட்டையும் பான் அட்டையும் இருந்தால் அருகிலுள்ள வங்கிக் கிளையில் சேமிப்புக் கணக்கு தொடங்கிவிடலாம். பான் இல்லையென்றால் அதற்குரிய படிவத்தை வங்கியில் கேட்டு வாங்கிக் கொடுக்கலாம். அம்மாவையும் சேர்த்துக் கூட்டுக் கணக்காகத் தொடங்குவது இன்னும் நல்லது.

ஊரில் உங்கள் பெயரிலேயே பழைய சேமிப்புக் கணக்கு ஒன்று இருக்கக்கூடும். வேலைக்காக வெளிநாடு வந்துவிட்டதால் அதை வங்கியில் சொல்லி என்ஆர்ஓ (வெளிநாட்டில் வாழ்பவரின் உள்ளூர் வரவு செலவுக்கான) கணக்காக மாற்ற வேண்டும். பலரும் இதைச் செய்யாமல் விட்டுவிடுகிறார்கள். கடன் முடிந்த மாதத்திலிருந்து, வீட்டுச் செலவு போக மிச்சத்தை உங்கள் பெயரில் ஒரு என்ஆர்இ (வெளிநாட்டுச் சம்பாத்தியத்தைப் போட்டுவைக்கும்) கணக்கில் போடுங்கள். அதன் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை. வேண்டும்போது வெளிநாட்டுக்குத் திருப்பி எடுத்துக்கொள்ளவும் தடையில்லை. என்ஆர்ஓ வட்டியில் 30 சதவீதமும் அதற்கு மேல் கூடுதல் வரியும் பிடித்துவிடுவார்கள். என்ஆர்இ வைப்பு நிதியை ஒரு வருடம் முடிவதற்குள் உடைத்தால் வட்டி கிடையாது என்பதால், அவசரத்துக்கு வேண்டிய தொகையைச் சேமிப்புக் கணக்கிலேயே விட்டுவிட்டு மீதியை மட்டும் வைப்பில் போடுங்கள்.