கொள்ளுத் தாத்தாவின் மணப்பதிவும் லத்தீன் சுருக்கங்களும்

கேள்வி: எங்கள் பூர்வீக ஊரின் பங்குக் கோயிலில், என் கொள்ளுத் தாத்தாவின் 1887ஆம் ஆண்டுத் திருமணப் பதிவைப் பங்குத்தந்தையின் அனுமதியோடு படம் எடுத்து வந்தேன். லத்தீனில் நான்கே வரிகள். அவற்றில் பாதி சுருக்கங்கள். மாதம் இருக்க வேண்டிய இடத்தில் ‘8பிரிஸ்’ என்று உள்ளது. ஆகஸ்ட் என்று எடுத்துக்கொண்டேன். தாத்தாவின் பெயருக்குப் பின் ‘விட். அன்னே’ என்று வருகிறது. ஆனால் அவருடைய தாயாரின் பெயர் அன்னம்மாள் அல்ல. பாட்டியின் பெயருக்குப் பின் ‘ஃபில். லெஜ். டெஃப். பேத்ரி எத் கிளாரே’, அடுத்து ‘டிஸ்ப். இன் 2 கிர். கொன்ஸ்.’, கடைசியில் ‘டெஸ்ட்.’ என்று போட்டு இரு பெயர்களும் இரு சிலுவைக் குறிகளும் உள்ளன. இவற்றை எப்படிப் படிப்பது?
— வாசகர் ஒருவர், திருச்சி மாவட்டம்

பதில்: சுருக்கங்களைத் தனித்தனியே அகராதியில் தேடினால் குழப்பமே மிஞ்சும். பங்குகள்தோறும் மணப்பதிவேடு வைக்க வேண்டும் என்று கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து பொதுச்சங்கம் 1563இல் விதித்தது. அதை எழுதுவதற்கான மாதிரி வாசகத்தை 1614இல் வெளிவந்த உரோமைச் சடங்கு நூல் தந்தது. தேதி, மூன்று ஓலை (கோயிலில் படிக்கும் திருமண அறிவிப்பு) வாசித்தது, தடை ஏதும் தெரியவராதது, மணமகன், மணமகள், இருவரின் சம்மதம், சாட்சிகள் என்று அதற்கு ஒரு வரிசை உண்டு. அந்த வாசகம் குருக்களுக்கு மனப்பாடம் என்பதால்தான் இரண்டு மூன்று எழுத்துகளோடு நிறுத்திக்கொண்டார்கள். ஆகவே ஒரு சுருக்கம் அந்த வரிசையில் எங்கே நிற்கிறது என்பதை முதலில் பாருங்கள்.

‘8பிரிஸ்’ ஆகஸ்ட் அன்று, அக்டோபர். லத்தீனில் ‘ஒக்தோ’ என்றால் எட்டு. மார்ச்சில் ஆண்டு தொடங்கிய பழைய உரோமைக் கணக்கில் அது எட்டாம் மாதம். அப்படியே 7 செப்டம்பர், 9 நவம்பர், 10 அல்லது உரோமை எண் பத்து டிசம்பர்.

‘விட்.’ என்பது ‘விதுவுஸ்’, அதாவது மனைவியை இழந்தவர். அதற்குப் பின் வரும் அன்னா, இறந்துபோன முதல் மனைவி. மறுமணம் செய்பவருக்குப் பெற்றோரின் பெயரை விட்டுவிட்டு முன்னைய துணையின் பெயரை மட்டும் எழுதும் வழக்கம் பரவலாக இருந்தது. இதுவரை உங்கள் வீட்டில் யாரும் சொல்லாத ஒரு பெண் இந்த ஒரு சொல்லில் இருக்கிறார். தயவுசெய்து அவரையும் வம்சாவளியில் சேர்த்துக்கொள்ளுங்கள். இதே ‘விட்.’ பக்க ஓரத்தில் தனியாக நின்றால், ‘பார்க்க’ என்று வேறொரு பதிவைச் சுட்டுவதாகவும் இருக்கலாம்.

‘ஃபில். லெஜ்.’ என்றால் முறையான மகள்; உங்கள் பாட்டி பேதுரு-கிளாரா தம்பதியின் மகள். ‘டெஃப்.’ என்றால் காலமானவர். அது தந்தையின் பெயருக்கு முன் நிற்பதால் அவர் இறந்துவிட்டது உறுதி; தாய் இறந்தாரா என்பதை இந்த ஒரு சுருக்கத்தை வைத்துச் சொல்ல முடியாது, ஏனெனில் ஒருமைக்கும் பன்மைக்குமான விகுதி வெட்டப்பட்டிருக்கிறது. அதே குருவின் மற்றப் பதிவுகளில் தாயின் பெயருக்கு முன்னும் அவர் தனியாக ‘டெஃப்.’ போடுகிறாரா என்று பாருங்கள். பேதுரு என்ற பெயரையும் வீட்டு நினைவில் அப்படியே தேட வேண்டாம். தமிழ்க் கத்தோலிக்கரிடையே பேதுருவுக்கு ராயப்பன், பவுலுக்குச் சின்னப்பன், ஸ்தேவானுக்கு முடியப்பன் என்றே வழங்கியது.

அடுத்து வரும் ‘டிஸ்ப். இன் 2 கிர். கொன்ஸ்.’ என்ற சுருக்கம்தான் உங்கள் பதிவின் பொக்கிஷம். ‘இரண்டாம் நிலை இரத்த உறவுக்கு விதிவிலக்கு பெறப்பட்டது’ என்பது அதன் பொருள். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டப்படி எண்ணினால் இரண்டாம் நிலை என்பது உடன்பிறந்தவர்களைக் குறிக்கும். பலர் அதைக் கண்டு பதறிப்போகிறார்கள். பழைய கணக்கில் பொது மூதாதையரிலிருந்து ஒரு பக்கத் தலைமுறையை மட்டும் எண்ணுவார்கள். எனவே இங்கே மணமக்கள் ஒரே தாத்தா பாட்டியின் பேரப்பிள்ளைகள். இன்றைய சட்டம் இதே உறவை நான்காம் நிலை என்கிறது. லத்தீன் கணக்கு சித்தப்பா மகளுக்கும் மாமன் மகளுக்கும் வேறுபாடு காட்டாது. நம் முறை காட்டும். சித்தப்பா, பெரியப்பா, சித்தி, பெரியம்மா மக்கள் அண்ணன் தங்கை முறை என்பதால், பேதுரு உங்கள் கொள்ளுத் தாத்தாவின் தாய்மாமனாகவோ, கிளாரா அவருடைய அத்தையாகவோ இருந்திருக்க வேண்டும்.

‘டெஸ்ட்.’ சாட்சிகள். அவர்கள் பெயருக்கு அருகில் உள்ள சிலுவைகள், எழுதத் தெரியாதவர் கையெழுத்துக்குப் பதிலாக இட்ட குறிகள். மரணக் குறிகள் அல்ல.

மாமனா, அத்தையா என்பதை முடிவுசெய்ய, கொள்ளுத் தாத்தாவின் பெற்றோர் யார் என்று தெரிய வேண்டும். 1887இலிருந்து பின்னோக்கிப் புரட்டி, அவருக்கும் அன்னாவுக்கும் நடந்த முதல் திருமணத்தின் பதிவைத் தேடுங்கள். அப்போது அவர் மனைவியை இழந்தவர் அல்லர் என்பதால், பெற்றோரின் பெயர்கள் அதில் எழுதப்பட்டிருக்கும். பெண் வீட்டுப் பங்கிலேயே திருமணம் நடப்பது வழக்கம்; உங்கள் ஊரில் கிடைக்காவிட்டால், அன்னாவின் ஊர் எதுவென்று விசாரித்து அந்தப் பங்கின் ஏட்டையும் பாருங்கள்.