குடும்பத்துக்கு ஆரோக்கியமான சாப்பாடு கொடுக்க, காய்கறி மளிகை எல்லாம் எங்கே வாங்குகிறீர்கள்? ஆர்கானிக் கடையில் வாங்கினால்தான் நல்லதா?

கேள்வியைப் படித்ததும் உங்கள் வீட்டை ஓரளவு ஊகிக்க முடிந்தது. மாதச் சம்பளம், சின்னப் பிள்ளைகள், பக்கத்துத் தெருவில் புதிதாகத் திறந்த ஆர்கானிக் கடை, அப்புறம் "இன்னும் சந்தைக் காயைத்தான் பிள்ளைங்களுக்குப் போடுறியா?" என்று கேட்க ஒரு சொந்தக்காரர். ஊகம் தப்பென்றால் விட்டுவிடுங்கள். எங்கள் வீட்டுக் கதை இதுதான், அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நாங்கள் மதுரை. காய்கறி அண்ணா நகர் உழவர் சந்தையில். எண்ணெய்க்குக் கடலை வாங்கிச் செக்கில் கொடுத்து ஆட்டிக்கொள்கிறோம். இட்லி அரிசி ரேஷன். பருப்பு, புளி, மிளகாய் கீழமாசி வீதி. ஆர்கானிக் கடைக்கு நான் போவதில்லை. உடனே இயற்கை விவசாயத்துக்கு எதிரி வந்துவிட்டாள் என்று யாரும் கிளம்ப வேண்டாம். இயற்கை விவசாயத்தை ஊர் ஊராகப் பரப்பிய நம்மாழ்வார் மேலும் நெல் ஜெயராமன் மேலும் எனக்கு நிறைய மரியாதை உண்டு. ஜெயராமன் 170க்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் ரகங்களைத் தேடிப் பிடித்து மீட்டவர். பொங்கலுக்குக் கருப்புக் கவுனி அரிசி வாங்கும்போது அவரை நினைத்துக்கொள்வேன். எனக்குச் சந்தேகம் எல்லாம் கடை வாசலில் தொங்கும் பலகை மேல்தான்.

ஆர்கானிக் என்று அச்சடித்து ஒரு பொருளை விற்றால் அதற்குச் சான்று வேண்டும். என்.பி.ஓ.பி. என்று ஒன்று, அதிகாரம் பெற்ற அமைப்பு வந்து சோதித்துக் கொடுப்பது. பி.ஜி.எஸ். என்று இன்னொன்று, விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் நிலத்தை ஒருவர் பார்த்துச் சொல்வது. இரண்டில் ஒன்று இருந்தால்தான் ஜைவிக் பாரத் என்கிற அரசாங்க ஆர்கானிக் முத்திரையைப் போட முடியும். ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் இருக்கிற சிறு விவசாயி நேராக நம் கையில் விற்றால் அவருக்கு விலக்கு உண்டு. இதையெல்லாம் படித்துவிட்டு எங்கள் பகுதிக் கடையில் போய், கூடையில் இருந்த கத்திரிக்காயைக் காட்டி, "இது எந்த ஊர் தோட்டம், சான்று ஏதாவது இருக்கா?" என்று கேட்டேன். "எல்லாம் ஒரு நம்பிக்கைதான் மேடம்" என்றார் கடைக்காரர். கிலோவுக்கு 60 ரூபாய் கூடுதல் அந்த நம்பிக்கைக்கு.

உழவர் சந்தையில் யாரும் இப்படிப் பேச மாட்டார்கள். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தையே எங்கள் அண்ணா நகரில்தான், 1999 நவம்பர் 14 அன்று திறந்தார்கள். அடையாள அட்டை உள்ள விவசாயிதான் உட்கார்ந்து விற்க முடியும். அன்றைய விலை வாசலில் பலகையில் எழுதியிருக்கும், மொத்த விலையை விடக் கொஞ்சம் கூட, வெளிக் கடையை விடக் குறைவாக. விடிகிற நேரத்துக்குப் போனால் கீரைக்கட்டின் வேரில் மண் ஈரமாக ஒட்டியிருக்கும். எட்டு மணிக்கு மேல் போனால் மிச்சம்தான். நான் வழக்கமாக வாங்கும் அம்மாவிடம் ஒருமுறை, கத்திரிக்காய்க்கு மருந்து அடித்தீர்களா என்று கேட்டேன். "அடிக்காம எப்படித் தாயி, புழு என்னைய விட்டு வைக்குமா? அடிச்சு எட்டு நாளாச்சு, தைரியமா கொண்டு போ" என்றார். எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. அடித்தேன் என்று சொல்கிறவரிடம் எத்தனை நாளாச்சு என்று கேட்க முடிகிறது. நம்பிக்கை என்று சொல்கிறவரிடம் அடுத்து என்ன கேட்பது?

கத்திரிக்காயும் காலிஃபிளவரும் பூச்சி அதிகம் விழுகிற காய்கள், மருந்தும் அதிகம் விழும். அதனால் எங்கள் வீட்டில் அவை எப்போதாவதுதான். முருங்கைக்கீரை, அகத்தி, வாழைத்தண்டு, வாழைப்பூ, சேனைக்கிழங்கு, பரங்கி, சுரைக்காய் இவற்றைச் சுற்றியே சமையல் ஓடும். மருந்து குறைவு, விலையும் குறைவு, சத்து எதற்கும் சளைத்ததில்லை. வாழைப்பூவில் நரம்பு எடுக்க யாருக்கு நேரம் என்று கேட்பீர்கள். சரிதான். எங்கள் வீட்டில் அதை எடுப்பவர் என் வீட்டுக்காரர், செய்தி பார்த்துக்கொண்டே எடுப்பார். "பாரம்பரிய உணவுக்குத் திரும்புவோம்" என்று இங்கே பக்கம் பக்கமாக எழுதுகிற அண்ணன்கள் யாராவது வாழைப்பூ ஆய்ந்திருக்கிறார்களா என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம்.

இப்போது எண்ணெய். இதில்தான் எனக்கும் என் நாத்தனாருக்கும் முட்டிக்கொண்டது.

சித்திரைத் திருவிழாவுக்கு வந்தவர் கையில் ஒரு பாட்டில் மரச்செக்குக் கடலெண்ணெய். வீடு நிறைய ஆட்கள். எல்லார் காதிலும் விழுகிற மாதிரி, "இனிமே இதையே வாங்கு. லிட்டர் 190தான். பிள்ளைங்க உடம்பு என்னத்துக்காகும், இந்தக் கடை எண்ணெயையே ஊத்துனா?" என்றார். நான் ஒரு இரும்புக் கடையில் கணக்கு எழுதுகிறவள். டாக்டரும் இல்லை, டயட்டீஷியனும் இல்லை, ஆனால் ஒரு பொருள் அந்த விலைக்கு வருமா வராதா என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. நாள்காட்டித் தாளைக் கிழித்துப் பின்பக்கம் போட்டேன்.

செக்கில் ஒரு லிட்டர் கடலெண்ணெய் வர ஏறக்குறைய இரண்டரைக் கிலோ நிலக்கடலைப் பருப்பு வேண்டும். அன்று கீழமாசி வீதியில் நல்ல பருப்பு கிலோ 125. ஆக 312 ரூபாய். மிஞ்சும் புண்ணாக்கை விற்றால் ஒரு 60 ரூபாய் திரும்பி வரும் என்று தாராளமாகவே வைத்தேன். 250 ஆச்சு. இதற்கு மேல் ஆட்டுக்கூலி, கரண்டு, பாட்டில், கடை வாடகை, விற்கிறவருக்கு லாபம். "190க்கு எப்படி மதினி கொடுக்கிறார்கள்?" என்று கேட்டேன். ஒன்று வேறு எண்ணெய் கலக்க வேண்டும், இல்லையென்றால் கடலை மட்டமாக இருக்க வேண்டும். மூன்றாவது வழி எனக்குத் தெரியவில்லை. "எல்லாத்துக்கும் கணக்குப் பார்த்தா நிம்மதியா சாப்பிட முடியாது" என்று சொல்லிவிட்டு நாத்தனார் எழுந்து போனார். திருவிழா முடியும்வரை என்னிடம் பேச்சு அளவாகத்தான்.

மட்டக் கடலை என்று சொன்னதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பூஞ்சை பிடித்த கடலையில் அஃப்ளாடாக்ஸின் என்ற நஞ்சு உண்டாகும், கல்லீரலுக்குக் கெடுதல். ரீஃபைண்ட் செய்யும்போது அது பெரும்பாலும் போய்விடும். செக்கு எண்ணெயை யாரும் சுத்திகரிப்பதில்லை, அதுதானே அதன் பெருமை. கடலையில் இருந்தால் எண்ணெயிலும் கொஞ்சம் வரும். ரீஃபைண்ட் எண்ணெய்க்கு நான் வக்காலத்து வாங்கவில்லை, தயவுசெய்து அப்படித் திரிக்காதீர்கள். செக்கு என்றால் கடலை யார் கையில் சுத்தமானது என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் அது என் அத்தை கையில். மொட்டை மாடியில் வெயிலில் காய வைத்து, முறத்தில் போட்டு உட்கார்ந்தார் என்றால் சுருங்கியது, கறுத்தது, முளை விட்டது எல்லாம் தனியாக வந்து விழும். சந்தேகம் வந்தால் ஒன்றை இரண்டாகப் பிளந்து பார்ப்பார். உள்ளே பச்சையாகத் தூள் படிந்திருந்தால் அந்தப் பிடியையே தள்ளிவிடுவார். பிறகு நான் வண்டியில் வைத்துச் செக்குக்குக் கொண்டு போவேன். வாகை மரத்து உரல் சுற்றச் சுற்ற கடலை முதலில் பொடியாகும், பிறகு ஒட்டிக்கொண்டு திரளும், செக்குக்காரர் கையால் கொஞ்சம் தண்ணீர் தெளித்ததும் ஓரத்தில் எண்ணெய் கசியத் தொடங்கும். கூலிக்குப் புண்ணாக்கை அவரே எடுத்துக்கொள்வார். எள் ஆட்டும் நாளில் மட்டும் மகனையும் கூட்டிப் போக வேண்டும். எள்ளோடு கருப்பட்டி போட்டு ஆட்டுவதால் அந்தச் சூட்டுப் புண்ணாக்கைத் தின்னவே வருவான். வீட்டுக்கு வந்ததும் எண்ணெயை வெயிலில் தெளிய வைத்து, அடியில் தங்கும் மண்டியை விட்டுவிட்டு மேலாக வடித்து எடுத்துக்கொள்கிறோம். விலை ஒன்றும் மலிவாக வராது. வருகிற விலைக்கு என்ன வாங்குகிறோம் என்பது தெரிகிறது. எல்லார் வீட்டிலும் மாடியும் வெயிலும் அத்தையும் இருக்காது என்று தெரியும். அப்படியானால் நல்ல கம்பெனியின் ரீஃபைண்ட் எண்ணெயை அளவாக ஊற்றுங்கள், குடி முழுகிவிடாது.

ரேஷன் என்றதும் முகம் சுளிப்பவர்களுக்கு. புழுங்கல் அரிசி ஊறவைத்து ஆட்டினால் இட்லி நன்றாகவே வருகிறது. புழுக்கும்போது தவிட்டில் இருக்கும் பி வைட்டமின் கொஞ்சம் அரிசிக்குள் இறங்கிவிடும், தீட்டின பச்சரிசிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. சில ஆண்டுகளாக ரேஷன் அரிசியில் நூற்றுக்கு ஒன்று என்கிற கணக்கில் செறிவூட்டிய அரிசி கலந்து கொடுத்தார்கள். அரிசி மாவில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து அரிசி வடிவத்தில் வார்த்தது. கழுவும்போது மிதக்கும். எங்கள் தெருவில் அதைப் பிளாஸ்டிக் அரிசி என்று பொறுக்கிக் கீழே போட்டுவிட்டு, ஒரு பெண் மெடிக்கலில் இரும்புச்சத்து மாத்திரை வாங்கினார். துவரம்பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25, இரண்டும் வாங்குகிறோம். பாமாயில் தீபாவளி முறுக்குக்கு. பாமாயிலா என்று பதறுகிறவர்கள், அதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு நிறைவுற்ற கொழுப்பு (சாச்சுரேட்டட் ஃபேட்) தேங்காய் எண்ணெயில் இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பதறவும்.

இதற்கு மேல் சொல்வது நீங்கள் கேட்காதது. சொல்லாமல் விட்டால் எனக்கு இன்று தூக்கம் வராது.

மகள் படிக்கும் பள்ளியிலிருந்து ஒரு சுற்றறிக்கை. திங்கள் பழம், செவ்வாய் சுண்டல், புதன் சிறுதானியம். படித்ததும் சந்தோஷமாக இருந்தது. புதன்கிழமை கம்பு உருண்டை கொடுத்து அனுப்பினேன். கை ஒட்டுகிறது, கீழே சிந்துகிறது, "பாக்கெட்டில் மில்லட் குக்கீஸ் கிடைக்குமே" என்று டைரியில் எழுதி வந்தது. சரி என்று ஒரு பாக்கெட்டை வாங்கித் திருப்பிப் பார்த்தேன். சேர்மானம் எது அதிகமோ அதை முதலில் எழுத வேண்டும் என்பது சட்டம். முதலில் மைதா, அடுத்து சர்க்கரை, அடுத்து பாமாயில், ரொம்பக் கீழே ராகி. முன்பக்கம் பூராவும் ராகிக் கதிர் படம். 2023ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்ததில் கம்பு விதைத்தவருக்கு என்ன கிடைத்ததோ, பிஸ்கட் கம்பெனிகளுக்குப் படம் போட ஒரு கதிர் கிடைத்தது.

அதே பள்ளியின் கேன்டீனில் பஃப்ஸும் கலர் ஜூஸும் விற்கிறார்கள். கொழுப்பு, உப்பு, சர்க்கரை அதிகமுள்ள பண்டங்களைப் பள்ளிக்குள்ளும் வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்று 2020லேயே உணவுப் பாதுகாப்பு விதி வந்துவிட்டது. அதை அச்செடுத்து டைரியிலேயே ஒட்டி அனுப்பினேன். பதில் வரவில்லை. கேன்டீன் ஓடுகிறது. கம்பு உருண்டையைக் கொஞ்சம் சின்னதாகப் பிடித்து, தாளில் சுற்றி, இன்னும் அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறேன். நான்கு வேளைச் சாப்பாட்டில் ஒரு வேளையைப் பள்ளி கெடுத்தால், விடியற்காலையில் எழுந்து சந்தைக்கு ஓடுகிறவள் என்ன செய்வாள் சொல்லுங்கள்.

சரி, கேள்விக்கு வருகிறேன். பால், மீன் இரண்டும் பாக்கி. பாலுக்கு ஆவின் பச்சை, கொழுப்பு 4.5 சதவீதம். அத்தைக்கு மட்டும் 3 சதவீத நீலம். மீன் என்றால் மத்தி. வஞ்சிரத்துக்குக் கொடுக்கும் காசில் வீடே வயிறு நிறைய மத்தி சாப்பிடலாம், ஒமேகா 3 கொழுப்பும் அதில் ஏராளம். செவுளைத் தூக்கிப் பார்த்துச் சிவப்பாக இருந்தால்தான் வாங்குவது. ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை கிழக்குக் கடலில் விசைப்படகுக்குத் தடை. அந்த நாட்களில் தூத்துக்குடி மீன் மலைபோல் குவிந்திருந்தால் எப்போது பிடித்தது என்று கேளுங்கள். நாங்கள் அப்போது கண்மாய் மீனுக்கோ முட்டைக்கோ மாறிவிடுவோம். முட்டை வெள்ளை முட்டைதான். ஓட்டின் நிறம் கோழியின் இனத்தைப் பொறுத்தது, பழுப்பாக இருப்பதால் மட்டும் சத்து கூடுவதில்லை. இதற்கும் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

செக்கு எங்கே இருக்கிறது, கீரைக்கார அம்மா எந்த வரிசையில் உட்காருகிறார் என்று உள்பெட்டியில் கேட்க வேண்டாம். போன முறை ஒரு பதிலில் சொன்னதற்கு, கடை விளம்பரம் செய்கிறேன் என்று புகார் போட்டு அந்தப் பதிலையே தூக்கிவிட்டார்கள்.