ராத்திரிக்குக் கறுப்பு லூர்

கேள்வி: டெக்சஸில் பகல் வெயில் தாங்க முடியாமல், லேக் ஃபோர்க் ஏரிக்கு ராத்திரியில் பாஸ் மீன் பிடிக்கப் போகிறேன். இருட்டில் மீனுக்குத் தெரியட்டும் என்று ஒளிரும் வெள்ளை லூர்களாக (போலி இரைகளாக) வாங்கினேன். மூன்று ராத்திரியும் வெறுங்கை. எதை மாற்றுவது?
– டாலஸ் வாசகர்

பதில்: நிறத்தை. இருட்டில் கறுப்பா என்று சிரிக்காதீர்கள். மேலே வரும் இரையை பாஸ் அடியிலிருந்து அண்ணாந்து பார்க்கிறது. எவ்வளவு இருட்டானாலும் வானம் கொஞ்சம் வெளுப்புதான். அதில் கறுப்பு உருவம்தான் அழுத்தமாகத் தெரியும். அதோடு, தண்ணீர் அதிர்வதை மீன் தன் விலாவில் ஓடும் கோட்டால் உணரும். எனவே அதிர்கிற லூர் வேண்டும்.

நான் முதலில் கட்டுவது கறுப்பு ஜிட்டர்பக், தண்ணீர் மேல் மிதந்து வரும் லூர். முகத்தில் அகலமான தகடு. மெதுவாகச் சுற்றினால் இடமும் வலமுமாக ஆடி ‘களக் களக்’ என்று வரும். நடுவில் நிறுத்தவோ வேகத்தை மாற்றவோ வேண்டாம். மீன் அந்தச் சத்தத்தை வைத்துத்தான் குறி பார்க்கிறது. உங்கள் தாளம் தப்பினால் அதன் குறியும் தப்பும். காற்றடித்து அலை எழுந்துவிட்டால் ஒற்றைக் கொலராடோ தகடு (சுழலும் வட்டமான தகடு) போட்ட கறுப்பு ஸ்பின்னர்பெய்ட் லூர். அதுவும் எடுபடாவிட்டால் 10 அங்குல ரப்பர் புழுவை அடியில் உரசி இழுங்கள்.

அப்புறம், ‘தொபுக்’ என்றதும் சுண்டாதீர்கள். ஊரில் விராலுக்குத் தவளை போட்டுப் பழகியும் எனக்கு அந்த அவசரம் போகவில்லை. ஒரு ராத்திரி சத்தத்துக்குச் சுண்டினேன். மீனில்லாத லூர் ஆறு முள்ளோடு பறந்து வந்து என் தொப்பியில் தைத்தது. தொப்பி இல்லையென்றால் காது! கம்பில் கனம் தெரிந்த பிறகு இழுங்கள்.

இந்த மூன்று லூரையும் ஆளுக்கொரு கம்பாக மூன்று கம்பில் வீட்டிலேயே கட்டிக்கொண்டு போங்கள். இருட்டில் தங்கூஸ் சிக்கினால் ராத்திரியே போச்சு. தலைவிளக்கைத் தண்ணீரில் அடிக்காதீர்கள். ஏரிக்குள் பட்ட மரங்கள் நிறைய. படகில் போவதானால் பகலில் ஒரு சுற்று பார்த்துவிடுங்கள், மிதவைச் சட்டை உடம்பிலேயே இருக்கட்டும்.

அளவுகோலும் எடுத்துக்கொள்ளுங்கள். 16 அங்குலத்துக்கு மேல், 24-க்குக் கீழ் என்றால் திரும்ப விட்டுவிட வேண்டும். டெக்சஸின் சாதனை பாஸ், 18.18 பவுண்டு, 1992-ல் மாட்டியது இந்த ஏரியில்தான். அந்த மாதிரி மீன்கள் வளரத்தான் இந்தக் கெடுபிடி. குழம்புக்கு என்று போனால் எனக்கு எப்போதும் மாட்டுவது 17 அங்குலம்.